மெக்கானிக் ஏறினால் சத்தம் வராது: பழைய ஆல் வீல் டிரைவ் வண்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சத்தம் வருகிற வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனவர்கள் எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும். வீட்டிலிருந்து கிளம்பும்போது கீச், கீச் என்று கத்திக்கொண்டே வரும். மெக்கானிக் பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும் வாயை மூடிக்கொள்ளும். “எங்க சார் சத்தம்?” என்று அவர் கேட்பார். நாம் அசடு வழிவோம்.

என் மச்சினன் செகண்ட் ஹேண்டில் ஓர் ஆல் வீல் டிரைவ் எஸ்யூவி வாங்கினான். வீடு பொள்ளாச்சியில், வேலை வால்பாறையில். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இறங்க வேண்டும், அதற்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் சரி என்று பிடிவாதம் பிடித்தான். வாங்கிய மூன்றாம் வாரம் சத்தம் ஆரம்பித்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் முன் வீல் பேரிங்கை மாற்றினார்கள், போகவில்லை. இன்னோர் இடத்தில், சக்கரம் ஒடிந்து திரும்பும்போதும் இழுவையைக் கடத்துகிற சிவி ஜாயின்டோடு சேர்த்து, சக்கரத்தைச் சுற்றும் தண்டான ஆக்சிலையே மாற்றினார்கள், அப்போதும் போகவில்லை. அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டான். நான் மெக்கானிக் இல்லை. பழைய வண்டிகளுக்கு அடியில் படுத்துப் படுத்துச் சட்டைகளைப் பாழாக்கியவன், அவ்வளவுதான்.

“சத்தம் எங்கிருந்துடா வருது?” என்று அவனிடம் நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு யார் சொல்லும் பதிலையும் நம்பக்கூடாது. வண்டியின் பாடி முழுக்கத் தகரம். பின்னால் கிளம்பும் சத்தம் சேசிஸ் வழியாக ஓடி வந்து டிரைவர் காலடியில் கேட்கும். முன் சக்கரத்துச் சத்தம் பின் சீட்டில் இருப்பவருக்குத் தன் அடியிலிருந்தே வருவது போலிருக்கும். “எப்போ வருது, எப்போ வரலை?” என்றுதான் கேட்டேன். அவனால் சொல்ல முடியவில்லை. பேரிங்குக்கும் ஆக்சிலுக்கும் போன பணம் இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாததால் போனதுதான்.

ஒரு நோட்டை டாஷ்போர்டில் போட்டு ஒரு வாரம் எழுதச் சொன்னேன். வேகம் எவ்வளவு, எந்த கியர், ஆக்சிலேட்டரை மிதித்தபோதா விட்டபோதா, நேர் ரோடா வளைவா, வளைவென்றால் எந்தப் பக்கம், வண்டி கிளம்பி எத்தனை நிமிடம் ஆகியிருந்தது, எத்தனை பேர் இருந்தார்கள், மழையா வெயிலா. சத்தம் வராத நாளையும் கட்டாயம் எழுத வேண்டும். அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

சத்தத்தை எண்ணிப் பார்க்கவும் செய்யலாம். 215/65 ஆர்16 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.15 மீட்டர். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் அந்தச் சக்கரம் 10 விநாடியில் சுமார் 13 தடவை சுற்றும். முன்னாலிருந்து பின்பக்கத்துக்கு இழுவையைக் கொண்டுபோக நடுவில் ஓடும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட், வண்டியின் கியர் விகிதத்தைப் பொறுத்து, சக்கரத்தைவிட இரண்டரை முதல் நான்கரை மடங்கு வேகமாகச் சுற்றும். காலியான மைதானத்தில் ஊர்ந்து போய் எண்ணுங்கள். 10 விநாடியில் 13, 14 என்று வந்தால் சக்கரம், ஹப், பிரேக், ஆக்சில் இந்த வட்டத்துக்குள்தான் கோளாறு. எண்ண முடியாமல் கிச்கிச்கிச் என்று ஓடினால் ஷாஃப்டைப் பாருங்கள். கியரையும் இஞ்சின் வேகத்தையும் மாற்றும்போது மட்டும் சத்தமும் மாறினால் இரண்டையும் விட்டுவிட்டு இஞ்சினைத் தாங்கும் மவுண்ட், கிளட்ச் பக்கம் போகலாம். இந்தச் சோதனைக்காக ஓடுகிற வண்டியில் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைப்பவர்கள் இருக்கிறார்கள். பவர் ஸ்டியரிங்கும் பிரேக் பூஸ்டரும் அதோடு போய்விடும். மேனுவல் வண்டியில் கிளட்சை மிதித்தாலே போதும், அதுவும் சமதளத்தில்.

ஆல் வீல் டிரைவ் வண்டிக்கே உரிய ஒரு தவறு உண்டு, நல்ல அனுபவசாலிகளும் இதில் சறுக்குகிறார்கள். 2014-இல் இந்தியாவுக்கு வந்த ரெனோ டஸ்டர் ஆல் வீல் டிரைவில் ஒரு திருகு இருக்கும்: 2 வீல், ஆட்டோ, லாக். சத்தம் வந்ததும் திருகை 2 வீலுக்குத் திருப்புவார்கள். சத்தம் அப்படியே இருந்தால், “அப்ப பின்னாடி எதுவும் இல்ல, முன்னாடிதான்” என்று தீர்ப்பு வந்துவிடும். தவறு. 2 வீலில் போட்டால் ஷாஃப்டைப் பின் சக்கரங்களோடு இணைக்கும் பின்பக்க கப்ளிங் பிடியை விடுகிறது, அவ்வளவுதான். முன்னாலிருந்து ஷாஃப்ட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பின் சக்கரங்கள் தரையில் உருண்டு, இரண்டுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பின் டிஃபரன்ஷியலைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பாரம்தான் இல்லை, ஓட்டம் நிற்கவில்லை. ஆகவே 2 வீலில் சத்தம் நின்றால் பின்பக்கம் பாரம் ஏறும்போது ஏதோ கத்துகிறது என்று தெரிந்துகொள்ளலாம். நிற்காவிட்டால் அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. ஜீப் காம்பஸ் 4×4 போன்ற சிலவற்றில் மட்டும் தேவையில்லாதபோது ஷாஃப்டே நின்றுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். உங்கள் வண்டி எந்த ரகம் என்று தெரியாமல் திருகைத் திருப்பிப் பிரயோசனம் இல்லை.

ஊம்ம்ம் என்று வேகத்தோடு ஏறும் ரீங்காரம் கேட்டால் உடனே வீல் பேரிங்கை மாற்றிவிடுவது இன்னொரு வழக்கம். மேடு பள்ளமாகத் தேய்ந்த டயரும் அதே சுருதியில்தான் பாடும். டயரின் சத்தம் ரோட்டுக்கு ரோடு மாறும். புதுத் தார் போட்ட பைபாஸில் ஏறியதும் தணிந்துவிடும். பேரிங்குக்கு எந்த ரோடும் ஒன்றுதான். ஆனால் லேசாக இடப்பக்கம் ஒடித்தால் பாரம் வலப்பக்கம் சாயும், வலது பேரிங் பழுதாக இருந்தால் அப்போது சத்தம் கூடும். இதைப் பார்க்கச் செலவே இல்லை.

டயர் என்றதும் இன்னொன்று. பஞ்சரான ஒரு டயருக்குப் பதில் ஒரே ஒரு புது டயரைப் போடுவது சாதாரணக் காரில் பெரிய குற்றமில்லை. இந்த வண்டிகளில் குற்றம்தான். புது டயரின் பட்டை ஆழம் 8 மி.மீ., மற்றவை தேய்ந்து 3 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவில் 31 மி.மீ. வித்தியாசம். ஒரு கிலோமீட்டருக்குப் புதுசு 464 சுற்று சுற்றினால் பழசு 471 சுற்ற வேண்டும். அந்த ஏழு சுற்றை டிஃபரன்ஷியலும் கப்ளிங்கும் ஓயாமல் சரிக்கட்டிக்கொண்டே இருக்கும், சூடாகும், முனகும். சுபாரு தன் வண்டிகளுக்கு நான்கு டயர்களின் சுற்றளவு வித்தியாசம் 6.4 மி.மீ. தாண்டக்கூடாது என்கிறது. பட்டை ஆழத்தில் பார்த்தால் அது வெறும் 1 மி.மீ. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது நான்கிலும் ஒரே பிராண்ட், ஒரே தேய்மானமா என்று குனிந்து பாருங்கள். குனிந்ததுதான் குனிந்தீர்கள், பின்பக்கத்துக்குப் போகும் ஷாஃப்ட் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள். சத்தத்தை நிறுத்த ஷாஃப்டையே கழற்றிப் போட்டுவிட்டு விற்பனைக்கு நிற்கும் வண்டியை நானே பார்த்திருக்கிறேன்.

பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது மட்டும் பின்னாலிருந்து உறுமினால், ஸ்பேனரைத் தொடுமுன் எண்ணெயை நினையுங்கள். பழைய ஹோண்டா சிஆர்-வி-யில் பின் டிஃபரன்ஷியலுக்குள் இரண்டு பம்புகள் உண்டு. ஒன்று ஷாஃப்டோடும் மற்றொன்று பின் சக்கரங்களோடும் சுற்றும். முன் சக்கரம் வழுக்கி வேக வித்தியாசம் வந்தால் எண்ணெய் அழுத்தம் எழும்பி கிளட்ச் தட்டுகளைக் கவ்வ வைக்கும். எண்ணெய் கெட்டுப்போனால் சாதாரண வளைவிலேயே தட்டுகள் ஒட்டி ஒட்டி விடுபட்டு உறுமும். ஒரு லிட்டர் அளவு எண்ணெய்தான், ஆனால் அதற்கென்றே உள்ள எண்ணெய். கையிலிருக்கும் ஜிஎல்-5 என்ற சாதாரண ரக கியர் ஆயிலை ஊற்றினால் உறுமல் கூடும். ஸ்கோடா யெட்டி 4×4-இல் கப்ளிங்குக்குத் தனி எண்ணெய், டிஃபரன்ஷியலுக்குத் தனி எண்ணெய். ‘பின்னாடி ஆயில் மாத்தியாச்சு’ என்று பில்லில் இருந்தால் எது என்று கேளுங்கள்.

எண்ணெயை வடிக்கும் முன் ஊற்றுகிற வாயின் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே வடித்துவிட்டு, மேலே துருப்பிடித்துக் கழலாமல் போனால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். வடி போல்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு இருந்தால் பயப்பட வேண்டாம். நகத்தில் நெருடுகிற சில்லு இருந்தால் பயப்படலாம்.

மஹிந்திரா தார், மாருதி ஜிப்ஸி போன்ற வண்டிகளில் இதே உறுமலுக்கு வேறு காரணம். அவற்றில் 4 வீல் போட்டால் முன்னும் பின்னும் பூட்டிக்கொள்ளும். உலர்ந்த தார் ரோட்டில் அப்படியே திரும்பினால் கட்டி இழுத்த மாதிரி இறுகி முனகத்தான் செய்யும். அது கோளாறு இல்லை, ஓட்டுகிறவர் பிழை.

அடுத்தது ஆபத்தானது. பின்பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி, இஞ்சினை ஓட்டி, கியர் போட்டுச் சத்தம் கேட்பது. தரையில் இருக்கும் முன் சக்கரங்களுக்கும் இழுவை போகிற வண்டி இது. ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும். நான்கு சக்கரமும் காற்றில் இருக்கும்படி லிஃப்டில் ஏற்றித்தான் ஓட்ட வேண்டும். அப்போதும் சஸ்பென்ஷன் தொங்குவதால் ஆக்சில்கள் கோணலாக நின்று, ரோட்டில் இல்லாத சத்தமெல்லாம் வரும். அதைக் கேட்டு ஜாயின்டை மாற்றிவிடாதீர்கள்.

மச்சினனின் நோட்டு ஒரு வாரத்தில் வந்தது. 15 முதல் 30 கி.மீ. வேகத்தில், லேசாக மிதிக்கும்போது கீச். வேகம் கூடினால் இல்லை. ரிவர்ஸ் போட்டுவிட்டு முன்னால் நகர்த்தும்போது ஒரு டொக். செவ்வாய், புதன் மழை: சத்தமே இல்லை. வியாழன் மாலை மறுபடி.

அந்த மழைதான் காட்டிக்கொடுத்தது. “ஒர்க்‌ஷாப்புக்குப் போறதுக்கு முன்னாடி என்ன பண்ணின?” என்றேன். “வாட்டர் வாஷ் பண்ணினேன் மாமா. அழுக்கா எப்படிக் கொண்டு போறது?”

இரண்டு தடவையும் கழுவியிருக்கிறான். கிரீஸ் வற்றிய ஜாயின்டில் தண்ணீர் போனால் ஒன்றிரண்டு நாளைக்குக் கத்தாது. மெக்கானிக் ஏறும்போது சத்தம் வராத மர்மம் அதுதான். அதோடு எண்ணெய் கசிந்த தடம், துருத் தூள் என்று அடியில் இருந்த சாட்சிகளையும் பிரஷர் அடித்துத் துடைத்திருக்கிறான்.

நாலு நாள் கழுவாமல் ஓட்டச் சொல்லி, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் போட்டு அடியில் படுத்தேன். ஷாஃப்டைக் கையால் பிடித்து இப்படியும் அப்படியும் திருகினேன். ஷாஃப்ட் கோணலாக நின்றும் சுற்ற உதவும் பின்பக்க யூ ஜாயின்டில் ஒரு நூலளவு ஆட்டம், கூடவே சின்னதாக ஒரு டக். டார்ச் அடித்தால் அந்த ஜாயின்டின் நடுவே சிலுவை மாதிரி இருக்கும் கிராஸின் கப் ஓரத்தில் செங்கல் பொடி மாதிரிச் சிவந்த தூள் கோடு கட்டியிருந்தது. உள்ளே ஊசி பேரிங்குகள் துருவாக அரைபட்டு வெளியே வந்த தூள். அரை நாள் வேலை. கழற்றும் முன் இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கட்டியால் அடையாளம் போட்டு, அதே நேரில் திரும்ப மாட்டச் சொன்னேன். மாற்றி மாட்டினால் அதிர்வு என்று வேறொரு வியாதி ஆரம்பிக்கும்.

மறுவாரம் போன். “மாமா, கீச் போயிருச்சு. ஆனா கொண்டை ஊசியில திரும்பினா பின்னாடி கடகடன்னு ஏதோ உருளுது.”

டிக்கியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். முதல் ஒர்க்‌ஷாப்பில் கழற்றிக் கொடுத்த நல்ல வீல் பேரிங் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கிடந்தது.