ரேஷன் கார்டு: விண்ணப்பத்திலிருந்து முதல் மூட்டை அரிசி வரை

எங்கள் தெருவில் கல்யாணமாகி வாடகை வீட்டுக்கு வந்த ஒரு தம்பதி, ஒன்றரை வருடமாக அரிசி முழுவதையும் வெளிக்கடையில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் பெயின்ட் அடிக்கும் வேலை, அந்தப் பெண் துணிக்கடையில். "ரேஷன் கார்டு போடலையா?" என்று கேட்டால், "மூணு தடவை போட்டோம் அக்கா, மூணு தடவையும் தள்ளிட்டாங்க. எங்க வருமானத்துக்கு வராதோ என்னவோ" என்றாள். வருமானத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவள் பெயர் அவளுடைய அப்பா வீட்டுக் கார்டில் இன்னும் இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

தமிழ்நாட்டில் ரேஷன் எல்லோருக்கும் பொது. கார்டு வாங்க வருமானச் சான்றிதழ் தேவையில்லை. 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். அப்படி இருந்தும் விண்ணப்பம் திரும்பி வருகிறது என்றால் பெரும்பாலும் பெயர், முகவரி, ஆதார் இவற்றில் எங்கோ ஒரு இடத்தில் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று அர்த்தம். ஆகவே விண்ணப்பிக்க உட்காருவதற்கு முன்னால் செய்யவேண்டியதைத்தான் நான் நீளமாக எழுதப்போகிறேன். விண்ணப்பம் அரை மணி நேர வேலை.

முதல் படி: பழைய கார்டிலிருந்து பெயரை எடுங்கள்

ஒருவர் பெயர் ஒரே கார்டில்தான் இருக்கலாம். ஆதார் எண்ணை வைத்து இணைத்திருப்பதால் இன்னொரு கார்டில் பெயர் இருந்தால் கணினியே பிடித்துவிடும். புதிதாகக் கல்யாணமானவர்கள் என்றால் கணவர் பெயர் அவர் பெற்றோர் கார்டிலும், மனைவி பெயர் அவர் பெற்றோர் கார்டிலும் இருக்கும். இரண்டையும் நீக்க வேண்டும். பாதிப் பேர் மாப்பிள்ளை வீட்டில் மட்டும் நீக்கிவிட்டுப் பெண் வீட்டை மறந்துவிடுகிறார்கள்.

நீக்குவதற்கு உணவுத்துறையின் இணையதளத்துக்குப் போங்கள்: டிஎன்பிடிஎஸ் டாட் ஜிஓவி டாட் இன். பக்கம் தமிழிலேயே இருக்கிறது. பெற்றோர் கார்டில் பதிந்த கைப்பேசி எண்ணைக் கொடுத்து உள்ளே நுழைந்தால், அந்த எண்ணுக்கு ஓடிபி வரும். பிறகு குடும்ப உறுப்பினரை நீக்கும் பகுதியில் பெயரைத் தேர்ந்து, காரணம் திருமணம் என்று குறித்து, திருமணச் சான்றிதழை ஏற்ற வேண்டும். ஓடிபி போகும் போன் ஊரில் அப்பாவிடம் இருக்கும் என்பதால், அவர் வயலிலோ வேலையிலோ இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

இந்த இடத்தில் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. கார்டில் பதிந்த எண் எப்போதோ தொலைந்த சிம்மாக இருக்கும். அப்படியானால் இணையத்தில் முட்டி மோத வேண்டாம். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் நடக்கிறது. பெற்றோர் எந்தத் தாலுகாவோ அந்தத் தாலுகாவில் எங்கே நடக்கிறது என்று விசாரித்து, கார்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு அவர்களையே போகச் சொல்லுங்கள். கைப்பேசி எண் மாற்றம், பெயர் சேர்ப்பது, நீக்குவது, முகவரி மாற்றுவது எல்லாம் அங்கே மனுவாக எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது படி: ஆதாரைச் சரிபாருங்கள்

குடும்பத்தில் எல்லோருடைய ஆதாரையும் தரையில் வரிசையாகப் பரப்பி வையுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன், கையில் வைத்துப் பார்த்தால் தப்பு தெரியாது. ஒருவருக்கு முதலெழுத்து (இனிஷியல்) முன்னால், இன்னொருவருக்குப் பின்னால், மூன்றாமவருக்கு முதலெழுத்தே இல்லை. பிறந்த தேதியில் வெறும் வருடம் மட்டும். முகவரி மூன்று வீட்டுக்கு முந்தையது. இதையெல்லாம் முதலில் ஆதார் மையத்தில் திருத்திக்கொண்டு பிறகு வாருங்கள். விண்ணப்பத்தில் சரியான பெயரைத் தட்டிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே தட்ட வேண்டும்.

மூன்றாவது படி: முகவரிக்கு ஒரு காகிதம்

மின் கட்டண ரசீது, வீட்டுவரி ரசீது, வாடகை ஒப்பந்தம், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், எரிவாயு இணைப்புப் புத்தகம் போன்றவற்றில் ஒன்று போதும். சொந்த வீட்டுக்காரர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. வாடகைக்கு இருப்பவர்களுக்குத்தான் தலைவலி. "கார்டு போட்டா வீட்ட விட்டுப் போகமாட்டாங்க" என்று சில வீட்டுக்காரர்களுக்கு ஒரு பயம். ரேஷன் கார்டு வீட்டு உரிமைக்கான பத்திரம் இல்லை என்று பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அப்படியும் ஒப்பந்தம் தராவிட்டால், புது முகவரிக்கு ஆதாரையும் வங்கிக் கணக்கையும் மாற்றி, அந்தப் பாஸ்புக்கைக் காட்டலாம். எங்கள் தெருத் தம்பதி அப்படித்தான் செய்தார்கள்.

நான்காவது படி: விண்ணப்பம்

அதே இணையதளத்தின் முதல் பக்கத்தில் புதிய மின்னணு அட்டைக்கு விண்ணப்பிக்கும் பகுதி இருக்கிறது. குடும்பத் தலைவரின் புகைப்படம், எல்லோரின் ஆதார், முகவரிச் சான்று, எரிவாயு இணைப்பு விவரம் ஆகியவற்றைக் கேட்கும். கோப்பின் அளவு அங்கேயே போட்டிருக்கும், அதைத் தாண்டினால் ஏறாது. போன் கேமராவில் எடுத்த படம் பெரும்பாலும் தாண்டும். ஆவணத்தை நிழல் விழாமல், நான்கு மூலையும் தெரிகிற மாதிரி எடுத்துச் சுருக்கி ஏற்றுங்கள். மங்கலாக இருக்கிறது என்பதற்காகவே திரும்பி வந்த விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

அட்டை வகை கேட்கும் இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். அரிசி அட்டை, சர்க்கரை அட்டை, பொருள் வேண்டாத அட்டை என்று இருக்கும். அரிசி அட்டையைத் தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் மாற்றித் தட்டிவிட்டு, அரிசி போடமாட்டேன் என்கிறார்கள் என்று கடைக்காரரோடு சண்டை போடுவதில் பயனில்லை.

கணினி பழக்கமில்லாதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போகலாம். அங்கே சேவைக் கட்டணம் உண்டு. ரசீது கேட்டு வாங்குங்கள். உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணையே கொடுங்கள், மையத்தில் இருப்பவர் தன் எண்ணைப் போட்டுத் தர அனுமதிக்காதீர்கள். பின்னால் எல்லா ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் போகும்.

அனுப்பியதும் ஒரு குறிப்பு எண் வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நோட்டிலும் எழுதி வையுங்கள்.

ஐந்தாவது படி: காத்திருப்பதும் விசாரணையும்

விண்ணப்பம் தாலுகாவில் ரேஷனைக் கவனிக்கும் வட்ட வழங்கல் அலுவலரிடம் போகும். சென்னையில் மண்டல உதவி ஆணையர் அலுவலகம். அங்கிருந்து வீட்டுக்கு ஆள் வந்து பார்ப்பார்கள். அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது தனிச் சமையல் நடக்கிறதா என்பதைத்தான். ஒரே வீட்டில் மாமனார் மாமியாரோடு ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு தனிக் கார்டு கேட்டால் கிடைக்காது. மாடியில் தனி அடுப்பு, தனிச் சிலிண்டர் என்றால் அதைக் காட்டுங்கள். பகலில் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிவைப்பது நல்லது. "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதிவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

நிலையைக் குறிப்பு எண் வைத்து இணையத்தில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மாதக்கணக்கில் ஆகும், தேர்தல் வந்தால் இன்னும் இழுக்கும். நிராகரித்தால் காரணமும் அங்கேயே தெரியும். அந்தத் தம்பதி மூன்று முறையும் அந்த வரியைப் படிக்கவே இல்லை, மறுபடி மறுபடி அதே விண்ணப்பத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். காரணம் புரியாவிட்டால் 1967 அல்லது 1800-425-5901 என்ற இலவச எண்ணில் கேளுங்கள்.

ஆறாவது படி: கார்டைப் படியுங்கள்

கார்டு வந்ததும் அதில் ஆங்கில எழுத்துகளில் ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். பிஎச்எச் என்றால் முன்னுரிமைக் குடும்பம். அதோடு ஏஏஒய் என்று சேர்ந்திருந்தால் அந்தியோதயா, மிக வறிய குடும்பங்களுக்கானது. என்பிஎச்எச் என்றால் முன்னுரிமை இல்லாதது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2016 நவம்பரில் இங்கே அமலானபோது வந்த பிரிவுகள் இவை. என்பிஎச்எச் என்று பார்த்ததும் அரிசி கிடைக்காது என்று பலர் பதறுகிறார்கள். மற்ற பல மாநிலங்களில் அது சரி. இங்கே அவர்களுக்கும் அரிசி உண்டு.

அந்தியோதயா கார்டுக்கு மாதம் 35 கிலோ அரிசி. மற்றவர்களுக்குக் குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து மாறும். முன்னுரிமை இல்லாத கார்டுக்கு உச்சம் 20 கிலோ. முன்னுரிமைக் கார்டில் ஆறேழு பேர் இருந்தால் தலைக்கு 5 கிலோ கணக்கில் அதைத் தாண்டும். ஆகவே பெரிய குடும்பமாக இருந்து, உங்கள் நிலைமைக்குப் பொருந்தாத குறியீடு விழுந்திருந்தால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனு கொடுப்பது வீண் வேலை இல்லை. இன்னொரு காரணமும் உண்டு: வேலைக்காக வேறு மாநிலம் போனால், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் அங்கே தானியம் வாங்க முன்னுரிமை அல்லது அந்தியோதயா கார்டுதான் செல்லும். தமிழ்நாட்டுக்குள் என்றால், 2020 அக்டோபரிலிருந்து சொந்தக் கடை தவிர வேறு ரேஷன் கடையிலும் வாங்க வழி இருக்கிறது.

விலைப்பட்டியல் சின்னதுதான். சர்க்கரை ஆளுக்கு அரைக் கிலோ, அதிகபட்சம் 2 கிலோ, கிலோ 25 ரூபாய் (அந்தியோதயாவுக்கு 13 ரூபாய் 50 காசு). துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். கோதுமை வேண்டுமென்றால் அரிசி அளவிலிருந்து கழித்துத் தருவார்கள். கைக்காசைக் காப்பாற்றுவது, என் கணக்கில், அரிசியைவிடப் பருப்பும் எண்ணெயும்தான். அவை மாதக் கடைசிவரை வராமல் இழுக்கிற மாதங்களும் உண்டு. விட்டுவிடாமல் கேட்டுக்கொண்டே இருங்கள்.

ஏழாவது படி: கடையில்

கைரேகை வைக்க வேண்டும். கார்டில் பெயர் உள்ள யார் வேண்டுமானாலும் போகலாம். பாத்திரம் தேய்க்கிறவர்கள், சிமென்ட் வேலை செய்கிறவர்களுக்கு ரேகை விழாது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு வேறு விரலை வைத்துப் பாருங்கள், பல கடைகளில் கண் கருவிழி பார்க்கும் கருவியும் வந்துவிட்டது. முன்னுரிமை, அந்தியோதயா கார்டில் உள்ள எல்லோரும் ஒருமுறை கடையில் ரேகை வைத்து இ-கேஒய்சி, அதாவது கார்டில் உள்ளவர் நீங்கள்தான் என்று ஆதார் வழியாக உறுதி செய்வது, முடிக்க வேண்டும். வெளியூரில் இருக்கும் மகன் அங்கே உள்ள கடையிலேயே முடிக்கலாம்.

கடைக்கு வர முடியாத முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் வேறு ஒருவரை அனுப்ப அங்கீகாரப் படிவம் இருக்கிறது. வீட்டில் வேறு ஆளில்லாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. தொடங்கியபோது வயது வரம்பு 70. உங்கள் தெருப் பாட்டி பட்டியலில் இருக்கிறாரா என்று கடையில் கேளுங்கள்.

பில் போட்டதும் உங்கள் போனுக்கு எஸ்எம்எஸ் வரும். அதைக் கடை வாசலிலேயே படியுங்கள். எனக்கே ஒருமுறை, அரிசி மட்டும் வாங்கி வந்த மாதத்தில், பருப்பும் எண்ணெயும் வாங்கியதாகச் செய்தி வந்தது. மறுநாள் போய்க் கேட்டபோது "சிஸ்டம் தப்பு" என்றார்கள். பருப்பு வந்தது, எண்ணெய் வரவில்லை. அப்புறம் 1967இல் புகார் சொல்லி எண் வாங்கிக்கொண்டு போனேன், எண்ணெயும் வந்தது. உப்பு, டீத்தூள் வாங்கினால்தான் பருப்பு என்று சொன்னாலும் அதே எண்தான். அவற்றை வாங்க வேண்டிய கட்டாயம் கிடையாது.

கார்டு வரும்வரை

கார்டுக்காகக் காத்திருக்கும்போதே கிடைக்கிற உணவும் இருக்கிறது, இவற்றுக்கு ரேஷன் கார்டு தேவையில்லை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரையான குழந்தைகளுக்கும் அங்கன்வாடியில் சத்துமாவு. அதற்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அங்கேயே மதியச் சாப்பாடும் முட்டையும். அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை சத்துணவு, 2022இல் தொடங்கிய காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரை. சென்னை போன்ற ஊர்களில் அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய். கர்ப்பம் உறுதியானதுமே கிராமச் சுகாதார செவிலியரிடம் பதிவு செய்தால், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பில் உதவி, அதில் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் சேர்த்தி. இந்த ஒன்றில் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

எங்கள் தெருத் தம்பதிக்கு நான்காவது விண்ணப்பத்தில் கார்டு வந்துவிட்டது. இப்போது பெண் குழந்தை. பிறப்புச் சான்றிதழை வைத்துக் கார்டில் பெயர் சேர்க்க வேண்டும். சான்றிதழில் பெயர் பதியும்போது அப்பாவின் முதலெழுத்தை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பதை இப்போதே முடிவு செய்து, ஆதாரிலும் அப்படியே போடச் சொல்லியிருக்கிறேன்.