வன்னியிலிருந்து சட்டமாணி படிக்கப் போகிறீர்களா? உயர்தரம் முதல் கறுப்புக் கோட் வரை

சட்டமாணிப் பட்டம், அதாவது எல்.எல்.பி., எடுத்தவர் சட்டத்தரணி அல்ல. பட்டத்தைப் பல்கலைக்கழகம் தருகிறது. வழக்காடும் உரிமையைக் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றம் சத்தியப்பிரமாணம் செய்வித்துத் தருகிறது. இரண்டுக்கும் நடுவில் புதுக்கடையிலுள்ள இலங்கைச் சட்டக் கல்லூரி நிற்கிறது. நாலு வருடத்தில் பிள்ளை கோட் போட்டுவிடும் என்று வீட்டில் கணக்குப் போட்டிருந்தால், அதை இப்போதே திருத்திச் சொல்லிவிடுங்கள்.

படி 1: எந்த வாசலால் போவது?

முதல் வாசல் அரச பல்கலைக்கழகம். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய மூன்றிலும் நாலு வருடச் சட்டமாணி உண்டு. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமானாலும் அங்கே சட்டபீடம் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருப்பவையும் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் போன்ற பீடங்கள்தான். சட்டம் படிக்க யாழ்ப்பாணத்துக்குத்தான் போகவேண்டும்.

இரண்டாவது திறந்த பல்கலைக்கழகம். தெரிவுப் பரீட்சை எழுதி நுழையலாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஆசிரியர்களுக்கும் கிராம அலுவலர்களுக்கும் இது பொருந்தும். காசு கட்டுமுன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: சட்டப் பாடங்களின் பகல் வகுப்பும் பரீட்சையும் எந்த நிலையத்தில் நடக்கும்? பக்கத்து ஊரில் நிலையம் இருப்பதும் உங்கள் பாடம் அங்கே நடப்பதும் ஒன்றல்ல.

மூன்றாவது, பட்டமே இல்லாமல் நேரே சட்டக் கல்லூரி. போட்டிப் பரீட்சை உண்டு: ஒரு மொழி வினாத்தாள், ஒரு பொது அறிவு வினாத்தாள். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதி 2023 இல் நாடாளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. இருந்தாலும் ஆங்கிலத்தை விட்டுவிடாதீர்கள். ஏன் என்பது படி 3 இல் வரும்.

படி 2: விண்ணப்பம்

சட்டத்துக்குக் கலைப்பிரிவுதான் வேண்டும் என்பது ஊர்க்கதை. கணிதம், உயிரியல், வர்த்தகம் படித்தவர்களும் போகலாம். சாதாரண தர ஆங்கிலப் பெறுபேறும் பார்க்கப்படும். உங்கள் வருடத்துக்கான பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலைத் திறந்து சட்டத்துக்குரிய பகுதியை வாசியுங்கள். முன்னைய வருடக் கைந்நூலை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

தெரிவு இசட் புள்ளியில், அதாவது பாடங்களின் கடினத்தைச் சமன்செய்து கணிக்கும் உயர்தரப் புள்ளியில், நடக்கிறது. பொதுவாக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத் திறமைக்கு, 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. வன்னியின் முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நாலும் அந்தக் கடைசிப் பட்டியலில் இருக்கின்றன.

பலர் தவறுவது இங்கேதான். மாவட்டத்தைத் தீர்மானிப்பது வீட்டு விலாசமல்ல. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடமும் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தீர்கள் என்பதே கணக்கு. ஒட்டுசுட்டானில் வீடு இருக்க, நல்ல ரியூசனுக்காகப் பத்தாம் வகுப்போடு யாழ்ப்பாணப் பாடசாலைக்கு மாறினால் முல்லைத்தீவு வெட்டுப்புள்ளி கையை விட்டுப் போய்விடலாம். மாறுவது பிழையென்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டு மாறுங்கள்.

விண்ணப்பத்தில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் சட்டமாணிக்கும் தனிக் குறியீடு உண்டு. மூன்றையும் விருப்ப ஒழுங்கில் போடுங்கள். கொழும்பை மட்டும் போட்டுவிட்டு அடுத்த வரியில் வேறு பாடநெறிக்குப் போகிறவர், யாழ்ப்பாணத்தில் கிடைத்திருக்கக்கூடிய சட்ட இடத்தைத் தானே இழக்கிறார்.

படி 3: அனுமதி வரும்வரை

பெறுபேறுக்கும் அனுமதிக்கும் இடையில் மாதக்கணக்கில் நேரம் கிடைக்கும். அதில் இரண்டு வேலை செய்யுங்கள்.

ஒன்று, ஆங்கில வாசிப்பு. நம் நாட்டு வழக்குத் தீர்ப்புகளின் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. நாளுக்கு இரண்டு பக்கம் போதும், ஆனால் ஒரு சொல்லையும் தாண்டாமல். இந்தியத் தமிழ் யூடியூப் பாடங்களில் தொடங்குவது இங்கே பரவலாக இருக்கிறது. அங்குள்ள சட்டக்கோவை வேறு. எங்களுடையது 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை. எங்கள் குடியியல் சட்டத்தின் அடித்தளம் உரோம டச்சுச் சட்டம், அது இந்தியாவில் இல்லை. பிறகு மறக்கப் பாடுபடுவதிலும் படிக்காமல் விடுவது மேல்.

மற்றது, நீதிமன்றம் போய் இருந்து பார்ப்பது. வழக்கு விசாரணை பொதுவாகத் திறந்த மன்றில் நடக்கும். அடக்கமாக உடுத்துக்கொண்டு, தொலைபேசியை நிறுத்திவிட்டு, பின் வாங்கில் இருக்கலாம். வன்னியில் ‘66 வழக்கு’ என்ற சொல் அடிக்கடி காதில் விழும். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவு அது. காணித் தகராற்றில் சமாதானம் குலையும் என்றால், காணி யாருக்குச் சொந்தம் என்பதைத் தொடாமல், யார் ஆட்சியில் இருந்தார் என்பதை மட்டும் நீதிமன்றம் பார்க்கும். உரித்தும் ஆட்சியும் வேறு வேறு என்பதை எந்தப் பாடநூலையும்விட அந்த வாங்கு விரைவாகப் புரியவைக்கும்.

படி 4: ஒரு தீர்ப்பை வாசிக்கும் விதம்

மேற்கோளை அவிழ்ப்பதில் தொடங்குங்கள். ‘16 நி.லோ.ரி. 321’ என்றால் நியூ லோ ரிப்போர்ட்ஸ் 16 ஆம் தொகுதி, 321 ஆம் பக்கம். 1913 ஆம் ஆண்டு ஸ்பென்சர் எதிர் இராஜரத்தினம் வழக்கு அங்கே இருக்கிறது.

ஒரு ஏ4 தாளை எடுத்து இந்த ஒழுங்கில் எழுதுங்கள்: நடந்தது என்ன (நாலு வரிக்குள்), நீதிமன்றத்தின் முன் இருந்த சட்டக் கேள்வி (ஒரே வசனம்), தீர்ப்பு, அந்தத் தீர்ப்புக்கு அவசியமான காரணம். நீதிபதி போகிற போக்கில் சொன்னவற்றைத் தாளின் ஓரத்தில் தனியாகப் போடுங்கள், அவை பிறகு வரும் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தா. மேலே சொன்ன வழக்கில் கேள்வி, இலங்கையிலுள்ள எல்லாத் தமிழருக்கும் தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம், பொருந்துமா என்பது. இல்லை, அது இனத்தின் வழக்கமல்ல, ஓர் இடத்தின் வழக்கம் என்பது காரணம். இரண்டு வரிதான். தாள் நிறைந்து வழிந்தால் நீங்கள் கதையை எழுதியிருக்கிறீர்கள், காரணத்தை இன்னும் பிடிக்கவில்லை.

படி 5: பிரச்சினை வினா

மனப்பாடக்காரர்கள் விழும் இடம் இது. ஒரு கற்பனை வினா:

விசுவமடுவில் செல்லையாவுக்குக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் கிடைத்த ஒரு ஏக்கர் காணி. 2011 இல் 4 இலட்சம் ரூபா வாங்கிக்கொண்டு, வெற்றுத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, பக்கத்து வளவு நாகராசாவிடம் கொடுத்துவிட்டார். 2023 இல் செல்லையா இறந்தார். மனைவி காணியைக் கேட்கிறார். ‘காசு கொடுத்தேன், 12 வருடமாக நான்தான் ஆட்சி’ என்கிறார் நாகராசா.

முதலில் கேட்கவேண்டியது காணியின் வகை. அரச அனுமதிப்பத்திரக் காணியா, தனியார் உறுதிக் காணியா? அதைக் கேட்காதவர் நேரே 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரித்துக் கட்டளைச் சட்டத்துக்கு (நீண்டகால ஆட்சியால் காணிக்கு உரித்துத் தரும் சட்டம்) பாய்ந்து, 10 வருடம் கடந்துவிட்டது, நாகராசாவுக்கே காணி என்று எழுதுவார். பிழை. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் 161 ஆம் பிரிவு அந்தக் கதவை மூடிவிடுகிறது: அனுமதிப்பத்திரக் காணிக்கு ஆட்சியால் உரித்து வராது. இன்னொருவர் தேசவழமையின் முதுசொம், அதாவது பரம்பரைச் சொத்து, பற்றி இரண்டு பக்கம் எழுதுவார். அனுமதிப்பத்திரக் காணியின் பின்னுரித்தை (இறந்தவருக்குப் பிறகு காணி யாருக்கு என்பதை) காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமே தீர்மானிப்பதால் அந்த இரண்டு பக்கத்துக்கும் புள்ளி இல்லை.

விடை இப்படி நகரவேண்டும். கேள்வி: அனுமதிப்பத்திரக்காரர் காணியை விற்க முடியுமா? விதி: முடியாது, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் தடுக்கிறது. பொருத்துதல்: நாகராசாவின் தாளால் உரித்து மாறவில்லை. உறுதிக் காணியாக இருந்திருந்தாலும் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாத தாள் செல்லாது. முடிவு: பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கப்படாவிட்டாலும் மனைவி உரிமை கோரலாம்; நாகராசா தன் 4 இலட்சத்தைத் திரும்பக் கேட்டு வாதாடிப் பார்க்கலாம். நேரத்தில் பாதியைப் பொருத்துதலுக்குக் கொடுங்கள். விதியை எழுதுவதற்குப் புத்தகம் போதும், பரீட்சகர் தேடுவது பொருத்துவதைத்தான்.

படி 6: பட்டத்துக்குப் பிறகு

சட்டமாணிப் பட்டதாரிக்குச் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை தேவையில்லை. ஆனால் அங்கே பதிந்து, பரீட்சைகளில் சித்தியடைந்து, செயன்முறைப் பயிற்சியையும் ஒரு சிரேஷ்ட சட்டத்தரணியிடம் ஆறு மாதப் பயிலுனர் காலத்தையும் முடிக்கவேண்டும். சீனியரைத் தேர்வதில் பெயரைப் பார்க்காதீர்கள். உங்களைக் கொண்டு வழக்குரையும் சத்தியக்கடதாசியும் எழுதுவிப்பவரா, பை தூக்க மட்டும் விடுபவரா என்று அங்கே முன்பு இருந்த ஜூனியரிடம் விசாரியுங்கள். வன்னியில் தொழில் செய்ய நினைப்பவர் இங்குள்ள சீனியரிடம் பயில்வது நல்லது. இங்கே நீதிமன்ற மொழி தமிழ். ஆங்கிலத்தில் சட்டம் படித்துவிட்டுத் தமிழில் வழக்குரை எழுதத் தடுமாறும் ஜூனியர்கள் கொஞ்சமல்ல.

தொழில் என்றால் மன்றில் பேசுவது மட்டுமல்ல. சட்டமா அதிபர் திணைக்களத்தில் அரச சட்டவாதி, சட்டவரைஞர் திணைக்களம், நீதிச்சேவைப் பரீட்சை எழுதி நீதவான், சட்ட உதவி ஆணைக்குழு, வங்கிகளின் சட்டப் பிரிவு, கம்பனிச் செயலாளர் என்று வழிகள் பிரியும். பட்டம் மட்டும் இருந்து கோட் இல்லாதவர் அரச நிர்வாகப் பரீட்சைகளுக்கும் அரசசார்பற்ற நிறுவனங்களின் காணி, ஆவணப் பணிகளுக்கும் போகலாம். ஆனால் வழக்காடவோ உறுதி முடிக்கவோ முடியாது.

வன்னி நகரங்களில் புதிய சட்டத்தரணிக்கு முதல் வருமானம் பெரும்பாலும் நொத்தாரிசு வேலையால்தான் வரும். அதற்குத் தனிப் பரீட்சையும் நியமனமும் உண்டு. நியமனத்தில் குறித்த வலயத்திலும் மொழியிலும் மட்டுமே உறுதி முடிக்கலாம். ஒவ்வொரு மாதமும் முடித்த உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும். உறுதி நன்றாக எழுதியும் இந்தத் திகதியைத் தவறவிட்டுச் சிக்கலில் மாட்டுகிறவர்கள் உண்டு. ஆகவே முதல் உறுதியை எழுதுமுன், மாதாந்தப் பட்டியலுக்கு ஒரு கொப்பியைத் திறந்து வையுங்கள்.