சிறு ஆர்.ஓ.வில் பினாங்குக் கடல்நீரைக் குடிநீராக்குவது: பூட்டுவதும் முதல் ஓட்டமும்

சமையலறை ஆர்.ஓ. பெட்டியில் கடல்நீரை விட்டால் ஒரு சொட்டு நல்லநீர்கூட வராது. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள நீரின் சவ்வூடு அழுத்தம் சுமார் 27 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). வீட்டுப் பெட்டி ஓடுவதோ 4, 5 பாரில். அந்த 27-ஐ மீறித் தள்ளினால்தான் நீர், உப்பைத் தடுக்கும் சவ்வான மெம்பிரேனைக் கடக்கும்.

இங்கே சொல்வது தெலுக் பஹாங் மீன் கூண்டு மிதவை அளவுக்கான அமைப்பு. 2540 கடல்நீர் மெம்பிரேன் ஒன்று (2.5 அங்குல விட்டம், 40 அங்குல நீளம்), அதற்கேற்ற உயர் அழுத்தக் கூடு, பிஸ்டன் பம்ப், உப்புநீர் வெளியேறும் வழியில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க நீடில் வால்வு, மெம்பிரேனுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்றாக இரண்டு அழுத்தமானிகள். மணிக்கு ஏறத்தாழ 110 லிட்டர் நல்லநீர் கிடைக்கும். அதற்கு 1,300 லிட்டர் கடல்நீர் உள்ளே போக வேண்டும். 8 விழுக்காடுதான் நன்னீராகும், மிச்சம் உப்பேறிக் கடலுக்கே திரும்பும். மோட்டார் 3 கிலோவாட் வாங்கும். பெரிய ஆலைகள் வெளியேறும் உப்புநீரின் அழுத்தத்தை மீட்டு, கன மீட்டருக்கு 3, 4 யூனிட்டில் முடிக்கின்றன. இந்தச் சிறு அமைப்பில் அந்த வசதி இல்லை, 25 யூனிட்டுக்கு மேல் போகும்.

நீர் எடுப்பது. பினாங்கில் மெம்பிரேனைக் கெடுப்பது உப்பை விடச் சேறுதான். மழைக்குப் பிறகு ஆற்றுநீர் கலந்து கடல் கலங்கிவிடும். உறிஞ்சு குழாயை அடிச்சேற்றிலும் வைக்காதீர்கள், எண்ணெய் மிதக்கும் மேற்பரப்பிலும் வைக்காதீர்கள். நடு ஆழத்தில், கடல் ஏற்றத்தின்போது எடுங்கள். முதலில் மணல் வடிகட்டி, பிறகு 20 மைக்ரான், கடைசியாக 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ். பணம் இடித்தால் பம்பில் சிக்கனம் பாருங்கள், வடிகட்டியில் பார்க்காதீர்கள்.

மெம்பிரேன் பூட்டுவது. ஒரு முனையில் கறுப்பு ரப்பர் உதடு இருக்கும், அதுதான் பிரைன் சீல். அந்த முனை கடல்நீர் நுழையும் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் நீர் மெம்பிரேனுக்குள் போகாமல் ஓரமாக ஒழுகிப் போய்விடும். ஓ-ரிங்குகளுக்கு கிளிசரின் தடவுங்கள். வாசலின், கிரீஸ் வேண்டாம். உயர் அழுத்த இணைப்புகளில் சாதாரண 304 எஃகு சீக்கிரமே குழி விழும். 316 எஃகு ஓரளவு தாங்கும், டூப்ளெக்ஸ் எஃகு நல்லது.

முதல் ஓட்டம். நீடில் வால்வை முழுதும் திறந்து வைத்து, காற்று வெளியேறும்வரை குறைந்த அழுத்தத்தில் ஓட்டுங்கள். வெளியேறும் நீரில் குமிழி நின்ற பிறகே வால்வை மெல்ல மூடுங்கள், நொடிக்கு 0.7 பாருக்கு மேல் ஏற வேண்டாம். மெம்பிரேன் வந்த பெட்டியில் போட்டிருக்கும் 55 பாரைப் பிடித்தே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். அது 25 பாகை, 32 கிராம் உப்புக்கான கணக்கு. நம் கடல் 29, 30 பாகை; ஒவ்வொரு பாகைக்கும் நன்னீர் ஓட்டம் 3 விழுக்காடு கூடும். நன்னீர் மணிக்கு 110 லிட்டரைத் தொட்டதும், 50 பாரிலேயே நின்றாலும், விட்டுவிடுங்கள். முதல் ஒரு மணி நேர நீரைக் கொட்டிவிடுங்கள்; அதில் மெம்பிரேனைப் பதப்படுத்திய மருந்து இருக்கும்.

இப்போது டிடிஎஸ் மீட்டர், நீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டுவது. நன்னீரில் 200 முதல் 400 பிபிஎம் வந்தால் சரி. கடல்நீரை அதே பேனா மீட்டரில் அளக்க முடியாது, அளவு எகிறிவிடும். அதற்கு மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும், உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் போதும்.

கோளாறு பார்ப்பது. நன்னீர் ஓட்டம் சரியாக இருந்து டிடிஎஸ் மட்டும் ஏறினால், பெரும்பாலும் நன்னீர்க் குழாயின் ஓ-ரிங் நசுங்கியிருக்கும். ஓட்டமும் டிடிஎஸ்ஸும் சேர்ந்து ஏறினால் குளோரின் மெம்பிரேனைத் தின்றிருக்கிறது. அந்த மெம்பிரேன் இனி தேறாது. ஓட்டம் குறைந்து இரு அழுத்தமானிகளுக்கும் வித்தியாசம் கூடினால் முன்பக்கம் சேறோ பாசியோ அடைத்திருக்கிறது. எதுவானாலும் அழுத்தம் இருக்கும்போது நட்டைத் தொடாதீர்கள்.

நிறுத்துவது. இந்தச் சூட்டில் உப்புநீரை இரவு முழுக்க உள்ளே விட்டால் காலையில் வழவழப்பு படிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் வால்வைத் திறந்து நன்னீரால் அலசுங்கள். குழாய்நீரில் குளோரின் உண்டு, கார்பன் வடிகட்டி இல்லாமல் அதைத் தொட வேண்டாம். நீங்கள் எடுத்த நன்னீரையே ஐம்பது லிட்டர் தனி டேங்கில் வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கும் டேங்கில் கிருமிக்காகக் குளோரின் போடுவீர்கள். அலசும் டேங்கின் குழாயை அதற்கு முன்னாலேயே பிரித்துவிடுங்கள்.