பங்காளி வீட்டுக்கு டிரஸ்ட் எழுதுவது எப்படி?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் பலவற்றில் பணம் ஒரு பிரச்சினையே இல்லை. பங்காளிகள் சென்னை, கோலாலம்பூர் என்று சிதறிவிட்டார்கள். ஒழுகும் ஓடுகளை மாற்றக்கூட யார் கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை. அதற்கு டிரஸ்ட் நல்ல வழி: சொத்தை நம்பிக்கையான ஒருவர் அல்லது சிலர் பெயரில் எழுதிவைத்து, மற்றவர்கள் நன்மைக்காக அவர்கள் நிர்வகிக்கும் ஏற்பாடு.

முதலில் வகையை முடிவு செய்யுங்கள். பயன் குடும்பத்துக்கு மட்டும் என்றால் தனியார் டிரஸ்ட். 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம் பொருந்தும். அன்னதானம், பள்ளி என்று பொதுமக்களுக்கானால் பொது அறக்கட்டளை, அதற்கு விதிகள் வேறு. பொது அறக்கட்டளை என்றென்றும் நிற்கலாம். தனியார் டிரஸ்டில் சொத்தைக் காலவரையின்றிக் கட்டிப்போட முடியாது.

அடுத்து, ஆட்கள். சொத்தைக் கொடுப்பவர் டிரஸ்டை ஏற்படுத்துபவர். பங்குள்ள எல்லோரும், பெண்மக்கள் உட்பட, கையெழுத்துப் போட வேண்டும். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி பற்றி வக்கீலிடம் கேளுங்கள். யாருக்காக எழுதுகிறீர்களோ அவர்கள் பயனாளிகள்.

நடுவில் நிற்பவர் டிரஸ்டி. இவரைத்தான் நிதானமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சொத்து அவர் பெயரில் இருக்கும், ஆனால் அவருக்காக இருக்காது. டிரஸ்ட் சொத்தை அவரே வாங்கக் கூடாது, அதை வைத்துத் தனக்கு லாபம் பார்க்கக் கூடாது; பத்திரத்தில் சொல்லாவிட்டால் சம்பளமும் கிடையாது. கணக்கு எழுதி வைப்பது கடமை, பயனாளி கேட்டால் காட்டியே ஆக வேண்டும். முகப்பிலிருக்கும் தேக்குத் தூணை அவர் பழம்பொருள் கடைக்காரருக்கு விற்றுக் காசைத் தன் பையில் போட்டால், நஷ்டத்தை அவர்தான் ஈடுகட்ட வேண்டும். நல்ல மனசு மட்டும் போதாது. கணக்கு எழுதும் பழக்கமும், ஊருக்கு வந்துபோகும் வசதியும் இருப்பவராகப் பாருங்கள்.

அப்புறம் பத்திரம். நோக்கம், சொத்து விவரம், பயனாளிகள் மூன்றும் சந்தேகமில்லாமல் இருக்க வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இரண்டு இடங்களில். பத்திரத்தில் வேறு மாதிரி சொல்லாவிட்டால் டிரஸ்டிகள் எல்லோரும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும்; ஒருவர் துபாயில் இருந்தால் வேலை நின்றுவிடும். அதனால், “பெரும்பான்மை டிரஸ்டிகள் எடுக்கும் முடிவு அனைவரையும் கட்டுப்படுத்தும்” என்று ஒரு வரி சேருங்கள். ஒரு டிரஸ்டி இறந்தால் அவர் இடத்துக்கு எந்தக் கிளையிலிருந்து, யார் நியமிப்பது என்பதையும் எழுதுங்கள். என் கருத்தில் பத்திரத்திலேயே முக்கியமான வரி அதுதான்.

வீடு, நிலம் என்றால் உயிரோடு இருக்கும்போது எழுதும் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தே ஆக வேண்டும். முத்திரைத் தீர்வை எவ்வளவு என்று முன்பே விசாரியுங்கள். வெளிநாட்டிலிருந்து வர முடியாதவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, தனக்குப் பதில் இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரம் அனுப்பலாம். அது இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் தீர்வை கட்டிவிடுங்கள்.

பதிவு முடிந்ததும் டிரஸ்ட் பெயரில் பான் எண், வங்கிக் கணக்கு. இரண்டு டிரஸ்டிகள் கையெழுத்தில்லாமல் பணம் எடுக்க முடியாதபடி வங்கியில் எழுதிக் கொடுங்கள். பட்டாவையும் வீட்டு வரியையும் மாற்றிவிட்டு, பத்திர நகல் ஒன்றை ஒவ்வொரு பங்காளிக்கும் அனுப்புங்கள்.