ஊசி மேல் பழி போடாதீர்கள்: ஆரி வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டு முன்கூடத்தில் சனிக்கிழமைதோறும் ஆரி வகுப்பு, அதாவது கொக்கி ஊசியால் துணியில் வேலைப்பாடு செய்யும் வகுப்பு நடக்கும். தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கும்போதே கூட்டம் சேர்ந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்தில் சொல்வது ஒன்றுதான்: "டீச்சர், இந்த ஊசி சரியில்ல." அதே ஊசியை வாங்கி, துணி கட்டிய மரச் சட்டத்தை இறுக்கி நாலு தையல் போட்டால் ஒழுங்காக ஓடும்.

துணியைத் தொளதொளவென்று கட்டுவதுதான் முதல் தவறு, என் கணக்கில் பெரிய தவறும் அதுதான். குஜராத்தின் கச்சுப் பகுதியில் மோச்சிகள் என்னும் செருப்புத் தைப்பவர்கள் தோல் தைத்த கொக்கி ஊசியின் வழி வந்தது இந்த ஆரி. அது துணிக்குள் இறங்கி, அடியில் இடது கை பிடித்திருக்கும் நூலை மாட்டிக்கொண்டு அதே துளை வழியாக மேலே வர வேண்டும். துணி தளர்ந்திருந்தால் அதுவும் கொக்கியோடு எழும்பி இழை அறுந்துபோகும். தட்டிப் பார்த்தால் டம்மென்று கேட்க வேண்டும். அப்புறம், ஊசியை அரைச்சுற்றுத் திருப்பாமல் நேராக இழுத்தாலும் கொக்கி துணியில் மாட்டும்.

சங்கிலித் தையலின் கடைசிக் கண்ணியைப் பூட்டாமல் விடுவது அடுத்தது. இதை நான் பட்டுத்தான் கற்றேன். நான் தைத்துக் கொடுத்த கல்யாண ரவிக்கை ஒன்றில், பெண்ணின் வளையல் கைப்பட்டியின் நூல் முனையில் மாட்டியது. மணமேடையிலேயே முக்கால் பட்டி சரசரவென்று பிரிந்துவிட்டது. இன்றைக்கும் அந்த வீட்டுப் பக்கம் போனால் தலையைக் குனிந்துகொண்டுதான் போகிறேன்.

ரவிக்கையைத் தைத்து முடித்துவிட்டு வேலைப்பாட்டுக்குக் கொண்டு வருவார்கள், சட்டத்தில் கட்டவே முடியாது. வெட்டாத துணியில் அளவு வரைந்துகொண்டு, வேலை முடிந்த பிறகுதான் தைக்க வேண்டும். தையல் விழும் ஓரத்தில் அரை அங்குலமாவது மணி வைக்காமல் விடுங்கள். இல்லாவிட்டால் மிஷின் ஊசி உடையும், தையல்காரர் திட்டுவார், அதில் நியாயமும் இருக்கிறது.

கற்றுக்கொடுக்கிறவர்களும் ஒரு தவறு செய்கிறோம். மாணவி தடுமாறினால் ஊசியைப் பிடுங்கி நாமே போட்டுவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். என் அம்மா ரப்பர் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் வெட்டியவர். அவருக்குப் பழக்கிய பாட்டி ஒருநாளும் கத்தியைக் கையிலிருந்து வாங்கியதில்லையாம். கத்தி ஆழமாக இறங்கிய மரத்தில் பட்டை மேடும் பள்ளமுமாகத்தான் திரும்ப வளரும். அந்த இடத்தைத் தடவிப் பார்க்கச் சொல்வாராம், அவ்வளவுதான். அதை அம்மா சொன்ன பிறகு என் வகுப்பும் மாறியது. இப்போது யார் கூப்பிட்டாலும் சட்டத்தைக் கவிழ்க்கச் சொல்கிறேன். அடிப்பக்கம் ஒரே கோடாக ஓடியிருந்தால் சரி. எங்கே நூல் தொங்குகிறதோ அங்கே இடது கை தளர்ந்திருக்கிறது. "ஐயோ, இங்கதான் டீச்சர்" என்று அவர்களே விரல் வைப்பார்கள்.

முதல் மாதம் பட்டு நூல் வேண்டாம், வழுக்கும். பருத்தி நூலே போதும்.

முடித்த ரவிக்கையை பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரியில் போட்டுவிடாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் உலோகச் சரிகை கறுத்துப்போகும். துவைத்துக் காயவைத்த பழைய வேட்டித் துண்டில் சுற்றி வையுங்கள்.