ஒரு வயசு தாண்டிய பிள்ளைக்குப் பால் மட்டும் போதாது

கோத்தகிரிப் பக்கம் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். முதல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்க வரும் தாய்மார் வருஷா வருஷம் மாறுகிறார்கள், தவறுகள் மட்டும் மாறுவதில்லை. கை கழுவுவது, ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைக்கக் கூடாது என்பதெல்லாம் இப்போது எல்லோருக்கும் தெரியும். அதை விடுகிறேன். ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைகள் விஷயத்தில், விவரம் தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

சோற்றுக்குப் பதில் பால்

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வரும்.

தேயிலை எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். ஒன்றரை வயது இருக்கும். கன்னம் கொழுகொழுவென்று, பார்த்தால் குறையே சொல்ல முடியாது. ஆனால் பாட்டி இடுப்பை விட்டு இறங்கவில்லை, சிரிக்கவில்லை, எதற்கெடுத்தாலும் சிணுங்கல். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளிறிக் கிடந்தது. மண்ணு, சுவரு ஏதாவது தின்கிறானா என்று கேட்டேன். "ஆமா டீச்சர், சுண்ணாம்பைச் சுரண்டிச் சுரண்டி வாயில போடறான்" என்றார் பாட்டி. சாப்பாடு? "சோறுதான் உள்ள போக மாட்டேங்குது, பாலாவது குடிக்கட்டுமேன்னு விட்டுட்டோம்."

240 மில்லி பாட்டிலில் காலை ஒன்று, அம்மா கொழுந்து பறிக்கப் போனதும் ஒன்று, மதியம் ஒன்று, குளிருக்கு இதமாகத் தூங்கும்போது ஒன்று. கிட்டத்தட்ட ஒரு லிட்டர். இந்த வயதுக்கு ஒரு நாளைக்குச் சுமார் ஆயிரம் கலோரி வேண்டும். ஒரு லிட்டர் பசும்பாலே அதில் 600-க்கு மேல் கொடுத்துவிடும். அப்புறம் பிள்ளைக்கு எங்கிருந்து பசிக்கும்? சோறு இறங்கவில்லை என்பதால் பால் கொடுக்கிறார்கள், பால் கொடுப்பதால் சோறு இறங்கவில்லை. பையன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

எடை கூடுகிறதே என்று வீட்டில் திருப்தியாக இருப்பார்கள். உள்ளே நடப்பது வேறு. இந்த வயதுக்குத் தினம் 8 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) சொல்கிறது. ஒரு லிட்டர் பாலில் அது ஒன்றிரண்டு மில்லிகிராமைத் தாண்டாது. போதாததற்குப் பாலில் உள்ள கால்சியமும் புரதமும், கூடச் சாப்பிடும் கீரை, பருப்பிலிருந்து இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் தடுக்கின்றன. கன்னத்தில் சதை இருக்கும், ரத்தத்தில் சத்து இருக்காது. மூளை வேகமாக வளரும் காலத்தில் வரும் ரத்தசோகை, பேச்சையும் கவனத்தையும் பின்னுக்குத் தள்ளும். பின்னால் மருந்து கொடுத்து ரத்தத்தை ஏற்றிவிடலாம், இழந்த வளர்ச்சி முழுவதும் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. இதனால்தான் கோபப்படுகிறேன்.

மலையில் இருக்கிற நமக்கு இன்னொரு விஷயமும் உண்டு. உயரம் கூடக் கூடக் காற்றில் ஆக்சிஜன் குறைவு, அதை ஈடுகட்ட ரத்தத்தில் ஹீமோகுளோபின் கூடுதலாக இருந்தாக வேண்டும். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர், ஊட்டி 2,200-க்கும் மேல். கீழே சமவெளியில், மேட்டுப்பாளையத்தில் 'பரவாயில்லை' என்று விடும் அளவு இங்கே குறைவாகக் கணக்காகலாம். ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைக் காட்டும்போது எந்த ஊர் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இது எங்கோ ஒன்றிரண்டு வீட்டுப் பிரச்சினையும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை.

சரி, என்ன செய்வது? முதலில் பாட்டிலை வீட்டை விட்டே அனுப்புங்கள். பால் டம்ளரில்தான். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 400, 500 மில்லி போதும், அதுவும் சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாம், கூடவும் வேண்டாம். இரண்டு மூன்று நாள் பிள்ளை அடம் பிடிக்கும், பாட்டி கண்ணீர் விடுவார், பக்கத்து வீட்டில் நியாயம் கேட்பார்கள். அசையாதீர்கள். பசி வந்தால் வாய் திறக்கும்.

அப்போது தட்டில் என்ன இருக்கிறது என்பது முக்கியம். பருப்பும் முளைக்கீரையும் போட்டுக் குழைய வேகவைத்த சோறு, மேலே நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. கீரையிலுள்ள இரும்பு உடம்பில் சேர அந்தச் சாற்றிலுள்ள வைட்டமின் சி உதவும். ராகிக் களியைக் குழம்பில் கரைத்துக் கொடுக்கலாம். முட்டை, வாரம் ஒருமுறை கொஞ்சம் ஈரல். அங்கன்வாடியில் தரும் சத்துமாவைக் கெட்டியாகக் கிண்டுங்கள், நீர்க்கக் கரைத்துப் பாட்டிலில் ஊற்றாதீர்கள். மூன்று நான்கு வேளைச் சாப்பாடு, நடுவில் ஒன்றிரண்டு முறை பழமோ சுண்டல் மசியலோ.

இரும்புச்சத்து சிரப்பை நர்ஸ் கொடுப்பார். வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் 1 மில்லி. மலம் கறுப்பாகப் போகிறதே என்று பயந்து பாதியில் நிறுத்துகிறார்கள். அது வழக்கம்தான், நிறுத்தாதீர்கள். ஆனால் சிரப்பைப் பாலோடு சேர்த்துக் கொடுக்க வேண்டாம். தலசீமியா போன்ற நோய்க்கு அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் தரக் கூடாது.

டீ

வேண்டாம். வர்க்கி பிஸ்கட்டை டீயில் தொட்டுக் கொடுப்பதும் டீ கொடுப்பதுதான்.

தண்ணீர் கலந்த பால்

'கெட்டிப் பால் செரிக்காது' என்று ஆவின் நீலப் பாக்கெட்டில் சரிபாதி தண்ணீர் ஊற்றுகிறார்கள். அதில் கொழுப்பே 3 சதவீதம்தான். ஆரஞ்சுப் பாக்கெட்டில் 6. இரண்டு வயதுவரை பிள்ளைக்குக் கொழுப்பு தேவை. எந்தப் பாலானாலும் தண்ணீர் விடாமல் காய்ச்சி, அளவைக் குறைத்துக் கொடுங்கள். வீட்டு மாட்டுப் பாலையும் பச்சையாகக் கொடுக்க வேண்டாம்.

டின் பால் பொடி

குழந்தைகளுக்கென்று டின்னில் விற்கும் ஃபார்முலா பால் பொடி, ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு அவசியமில்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2023-ல் சொல்லிவிட்டது. அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

தாய்ப்பால்

முதல் பிறந்தநாளோடு நிறுத்த வேண்டாம். இரண்டு வயதுவரை, அதற்கு மேலும் கொடுக்கலாம்.

சளி பிடிக்கும் என்ற பயம்

இந்தக் குளிரில் பெரியவர்கள் பயப்படுவது புரிகிறது. ஆனால் அந்தப் பயத்தில் வாழைப்பழம், தயிர், கொய்யா, ஆரஞ்சு எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, கடைசியில் பிள்ளைக்கு மிஞ்சுவது ரசம் சாதமும் பிஸ்கட்டும். சளி வருவது வைரஸால், பழத்தால் இல்லை. ஃபிரிட்ஜில் வைத்ததைக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். இங்கே தயிர் உறைவதே பெரும்பாடு. உறை ஊற்றிய பாத்திரத்தைத் துணியில் சுற்றி அடுப்போரம் வைத்தால் காலையில் புளிக்காத தயிர் கிடைக்கும், அதைச் சூடு ஆறாத சோற்றில் பிசைந்து ஊட்டலாம். குன்னூர்ச் சந்தையில் பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) வரும் பருவத்தில் அதை விடாதீர்கள். சர்க்கரை எதுவும் வேண்டாம், கரண்டியால் மசித்தால் அப்படியே வெண்ணெய். உருளைக்கிழங்கோடு சேர்த்தும் பிசையலாம். காய்ச்சல் வந்தாலும் பட்டினி போடக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள்.

முழு நிலக்கடலை

மூச்சுக்குழலில் மாட்டிக்கொள்ளும். அரைத்துச் சேருங்கள். பச்சைக் கேரட் துண்டும், முழுத் திராட்சையும் அப்படித்தான். கேரட்டை வேகவைத்து மசியுங்கள், திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள், சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்காருங்கள்.