புள்ள வெறப்பா இருக்கா? குளிப்பாட்டும்போதே பாத்துடலாம்

எங்க மன்னார்குடி பக்கம் கைப்புள்ளைய அப்பாயிதான் குளிப்பாட்டும், கொல்லையில உக்காந்து ரெண்டு காலையும் நீட்டி அதுமேல போட்டுக்கிட்டு. எம்பையன் எட்டாம் மாசத்துலயே பொறந்தவன், அவனுக்கு ஆறு மாசம் இருக்கும்போது தொடை இடுக்குல சோப்பு போடவே முடியாது, விரிச்சா ரெண்டு காலும் கத்திரிக்கோல் மாதிரி பின்னிக்கும். "கெட்டிக்கார புள்ள, என்னா பலம் பாரு"ன்னுச்சு அப்பாயி, நானும் சிரிச்சுக்கிட்டு இருந்துட்டேன். அது பலம் இல்ல, தசை வெறப்புன்னு அப்பறம்தான் தெரிஞ்சுது.

அழும்போது எந்தப் புள்ளயும் வெறச்சுக்கும், அதனால பால் குடிச்சுட்டு முழிச்சு சும்மா கிடக்கிற நேரமா பாருங்க. பொறந்த புதுசுல கைய மூடி கால மடக்கிக்கிறது சகஜம். மூணு நாலு மாசத்துக்கு அப்பறமும் கட்டைவிரல உள்ள வெச்சு மூடின கை மூடினபடியே இருந்தா கவனிங்க, எம்பையனுக்கு உள்ளங்கைல பால் அழுக்கு சேந்து புளிச்ச வாடையே வரும்.

ரெண்டு கையையும் புடிச்சு மெதுவா எழுப்பினா உக்காராம கட்டை மாதிரி நேரா நின்னுடுதா, அதுவும் குதிங்கால் தரையில படாம நுனிக்கால்ல? இதத்தான் முக்காவாசி பேரு "சீக்கிரமே நிக்குது"ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிறாங்க. தூக்கும்போது வில்லு மாதிரி முதுக பின்னாடி வளைக்கிறது, ஒரு வயசுக்கு முன்னாடியே பொம்மைய எடுக்க எப்பவும் ஒரே கைய மட்டும் நீட்டுறது, இதுவும் பாக்கணும். வெறப்பு இருக்கிற புள்ளைக்கு முட்டிய மெதுவா மடக்கி நீட்டினா வரும், கொஞ்சம் வேகமா நீட்டினா டக்குனு ஒரு இடத்துல புடிக்கும். அந்த வேக சோதனைய டாக்டர்ட்ட விட்டுடுங்க, நீங்க இழுத்துப் பாக்காதீங்க.

உரம் விழுந்திருக்குன்னு சேலையில போட்டு உருட்டுறதுக்கும் தூக்கிட்டு ஓடாதீங்க, எனக்கு அதுலயே ரெண்டு மாசம் போச்சு. எண்ணெய் தடவுறது தப்பில்ல, ஆனா அமுக்கி நீவி சரி பண்ற விஷயம் இல்ல இது, பெரும்பாலும் மூளையில இருந்து தசைக்கு வர்ற சிக்னல்ல பிரச்சினை. ஒரு அறிகுறி இருந்தாலே நோய்னு முடிவும் கட்டிடாதீங்க.

கொறமாசம், பொறந்ததும் அழாதது, மஞ்சள்காமாலை அதிகமானது, இதெல்லாம் இருந்தா டாக்டர்ட்ட மொதல்லயே சொல்லிடுங்க. டிஇஐசினு, புள்ளைங்க வளர்ச்சிக் குறைய சீக்கிரமே கண்டுபுடிச்சு பாக்குற அரசு மையம் இருக்கு, மாவட்ட பெரியாஸ்பத்திரில கேளுங்க, 18 வயசு வரைக்கும் இலவசம். வலிப்பு வந்தாலோ, தெரிஞ்சத புள்ள மறந்தாலோ அன்னிக்கே கெளம்புங்க. போகும்போது குளிப்பாட்டுற வீடியோ ஒண்ணு போன்ல எடுத்துக்கங்க, அங்க போனா வெள்ளை கோட்ட பாத்ததும் வீல்னு அழுது மொத்தமா வெறச்சுக்கும், டாக்டரால ஒண்ணும் பாக்க முடியாது.